வேங்கட நாட்டுக் கோலங்களும் சமச்சீர்க் கோடுகளும்

தமிழ் வழங்கும் நல்லுலகின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் வகுத்துரைத்தார். எல்லை என்றாலே ஒரு கோடு நம் நினைவிற்கு வருகிறது. கோடு என்னும் சொல்லோ தமிழில் பல பொருள் குறித்த ஒரு சொல். மலையின் உச்சியும் கோடு. யானையின் தந்தமும் கோடு. மரத்தின் கிளையும் கோடு. நீர்நிலையின் கரையும் கோடு. தரையில் கீறும் வரையும் கோடு. மலையாகிய கோடே எல்லையாகிய கோடாகவும் அமைந்த நாடு வேங்கட நாடு. இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களாக விளங்கும் அந்நிலப்பகுதியில், எல்லைக்கோடு நீங்கலாக வேறொரு கோடும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. வாயில்தோறும் விடியற்காலையில் பிறந்து, மாலைக்குள் காலடி பட்டு மறையும் கோலத்தின் நடுவே, கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் கோடு அது. கணித நூலார் அதனைச் சமச்சீர்க் கோடு என்பர். அக்கோட்டின் வரலாற்றை வேங்கட நாட்டுச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமச்சீர் என்பது யாது?

ஒரு வடிவத்தைத் தாளில் வரைந்து வெட்டி எடுத்துக் கொள்வோம். அதனை ஒரு கோட்டின்மீது மடித்தால், ஒரு பாதி மறுபாதியின்மேல் மிகையும் குறையுமின்றிப் பொருந்துமாயின், அம்மடிப்புக் கோடே சமச்சீர்க் கோடு. சதுரத்தை நான்கு வகையாக இவ்வாறு மடிக்கலாம். எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து இரண்டு, மூலைவிட்டங்களின் வழியே இரண்டு. நீள்சதுரத்திற்கு இரண்டே கோடுகள். நீள்சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால், பகுதிகள் பரப்பால் சமமாக இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் முனைகள் வெளியே நீண்டு நிற்கக் காணலாம். சமமாக இருப்பது வேறு, சமச்சீராக இருப்பது வேறு என்பதை இச்சிறு சோதனை விளக்கிவிடுகிறது.

மூன்று பக்கமும் ஒத்த முக்கோணத்திற்கு மூன்று கோடுகள். இரு பக்கம் மட்டும் ஒத்ததற்கு ஒன்று. எப்பக்கமும் ஒவ்வாததற்கு ஒன்றுமில்லை. சாய்சதுரத்திற்கு அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் சமச்சீர்க் கோடுகள். இணைகரத்திற்கோ ஒன்றுகூட இல்லை. எனினும் அதனை நடுப்புள்ளியில் ஊன்றி அரைச்சுற்றுச் சுற்றினால் பழைய நிலையிலேயே வந்து அமர்ந்துவிடும். இது சுழற்சிச் சமச்சீர் எனப்படும். ஒழுங்கான ஐங்கோணத்திற்கு ஐந்து, அறுகோணத்திற்கு ஆறு, எண்கோணத்திற்கு எட்டு என்று, பக்கங்கள் எத்தனையோ அத்தனை கோடுகள் அமையும். வட்டத்திற்கோ மையத்தின் வழியே செல்லும் ஒவ்வொரு கோடும் சமச்சீர்க் கோடே, எண்ணி முடியாது.

இங்கு ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்துதல் வேண்டும். சமச்சீரான வடிவத்தின் ஒரு பாதி அழிந்துவிட்டாலும், நடுக்கோடு எதுவென்று தெரிந்திருந்தால் மீதிப் பாதியைக் கொண்டு முழுவதையும் மீட்டுவிடலாம். கோடு மறந்துபோனால், எஞ்சிய பாதியும் பொருளற்ற கீறலாகிவிடும். இக்கருத்து பின்னர் நமக்குப் பயன்படும்.

நிழல் காட்டிய நடுக்கோடு

நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒரு கோயிலையோ மாளிகையையோ தொடங்குமுன் செய்த முதற்பணி, நிலத்தில் நடுக்கோடு காண்பதே. மயமதம் முதலிய சிற்ப நூல்களும் சூரிய சித்தாந்தம் முதலிய வானநூல்களும் இம்முறையை விரித்துரைக்கின்றன. நிலத்தை நீர்மட்டமாகச் சமன் செய்து, நடுவில் சங்கு எனப்படும் முளையை நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் இடுவர். முற்பகலில் முளையின் நிழல்நுனி வட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வந்து தொடும் இடத்தையும், பிற்பகலில் கிழக்குப் பக்கத்தில் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறித்துக்கொள்வர். இவ்விரு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். ஒரு நாளுக்குள் கதிரவன் வடக்கிலோ தெற்கிலோ சற்றே நகர்வதனால் நேரும் நுண்ணிய பிழைக்கும் நூல்கள் திருத்தம் கூறியுள்ளன.

அடுத்து, அவ்விரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு, ஒரே அளவு கயிற்றால் இரண்டு வட்டங்கள் இட்டால் அவை ஒன்றையொன்று வெட்டி நடுவில் மீன் போன்ற வடிவம் தோன்றும். நூலார் அதனை மீன் என்றே வழங்கினர். மீனின் தலையையும் வாலையும் இணைக்கும் கோடே தென்வடல் கோடு. முற்பகல் நிழலுக்கும் பிற்பகல் நிழலுக்கும் இடையிலான சமச்சீர்க் கோடும் அதுவே. நண்பகல் என்பது ஒரு நாளின் மடிப்பு. அம்மடிப்பை மண்ணில் இறக்கிக் காட்டுவது இம்மீன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு இடம் வகுத்த புலவர்கள் நிழல் சாயாத நண்பகலைத் தேர்ந்து நுட்பமாகக் கயிறிட்டதை நக்கீரர் பாடியிருக்கிறார். உரைகாரர் அதனைச் சித்திரைத் திங்களோடு இயைத்து விளக்குவர். திருப்பதியும் சித்தூரும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகைக்கும் 14 பாகைக்கும் இடையில் உள்ளவை. ஆதலின் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதி வாரத்தில், அஃதாவது சித்திரையின் முற்பகுதியில், அங்கும் கதிரவன் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். நட்ட கோலின் நிழல் அந்நண்பகலில் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்டு மாத நடுவில் இக்காட்சி மீண்டும் நிகழும். அந்நாட்டில் வாழ்வோர் ஒரு குச்சியை நட்டுத் தாமே கண்டு மகிழலாம்.

குடிமல்லம் கூறும் செய்தி

திருப்பதிக்கு அண்மையில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் குடிமல்லம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் சிவலிங்கம் இந்திய நாட்டின் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்று. அதன் காலத்தைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்ததெனப் பலர் கொள்வர். டி. ஏ. கோபிநாத ராவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். இக்கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன.

இதன் விமானம் தூங்கானை மாடம் என்னும் வகையினது. படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருப்பதால் தமிழர் இப்பெயர் இட்டனர். வடமொழியாளர் கசபிருட்டம் என்பர். முன்னே சதுரமும் பின்னே அரைவட்டமும் இணைந்த வடிவம் இது. தனிச் சதுரத்திற்கு நான்கு சமச்சீர்க் கோடுகள், அரைவட்டத்திற்கு ஒன்று. இரண்டும் கூடிய வடிவத்திற்கு எத்தனை? நான்கும் ஒன்றும் ஐந்து என்று கூட்டிவிடலாகாது. இரண்டிற்கும் பொதுவான கோடு மட்டுமே எஞ்சும்; அஃது ஒன்றே. வாயிலின் நடுவில் தொடங்கிக் கருவறையை ஊடுருவிப் பின்வளைவின் நடுவில் முடியும் அக்கோடு, வழிபடுவோன் இறைவனை நோக்கி நடக்கும் வழியாகவும் அமைந்துவிடுகிறது. வடிவங்கள் கூடுந்தோறும் சமச்சீர்க் கோடுகள் குறைவதும், பொதுமையுள்ளது மட்டும் நிலைப்பதும் எண்ணத்தக்கவை.

குடிமல்லத்து லிங்கத்தின் முன்புறம் சிவபெருமானின் உருவம் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளது. உடலின் இருபுறமும் ஒத்து நிற்க, ஒரு கையில் ஆட்டுக்கிடாவும் மறு கையில் கலமும், ஒரு தோளில் மட்டும் மழுவும் விளங்குகின்றன. நடுக்கோட்டை நிலைநிறுத்திவிட்டு, அதன் இருபுறமும் வேறுபாட்டை வைத்த அந்தச் சிற்பியின் திறம் வியக்கத்தக்கது. கற்சிலை வடிப்போர் உருவத்தின் நடுவே தூக்குநூல் விட்டுக் குறிக்கும் கோட்டினைப் பிரமசூத்திரம் என்பர். மூக்கின் நுனி, உந்தி, பாதங்களின் இடைவெளி ஆகியவை அதனைக் கொண்டே அளக்கப்படும்.

பிற்கால ஆகமங்கள் வகுத்த லிங்கத்தின் அமைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. அடியில் சதுரமாகிய பிரமபாகம். நடுவில் எண்கோணமாகிய விட்டுணுபாகம். மேலே வட்டமாகிய உருத்திரபாகம். சமச்சீர்க் கோடுகளின் கணக்கில் இது நான்கு, எட்டு, எண்ணிலி என்று வளர்கிறது. சிற்பி சதுரக் கல்லின் மூலைகளைக் கழித்து எண்கோணமாக்கி, அதன் மூலைகளைக் கழித்துப் பதினாறு பட்டையாக்கி, பின்னர் தேய்த்து வட்டமாக்குவான். தத்துவம் ஒருபுறம் இருக்க, உளியின் வேலையும் இவ்வரிசையிலேயே நடைபெறுகிறது.

ஆண்டாள் இட்ட மண்டலம்

கல்லில் நின்றது போலவே மண்ணிலும் இக்கோடு நின்றது. கோலம் என்னும் சொல் பழந்தமிழில் அழகு, வடிவம், ஒப்பனை என்னும் பொருள்களில் வழங்கியது. தரையில் இடும் வரைவுக்கு அப்பெயர் வந்தது அதன் விரிவாகும். தரையைத் தூய்மை செய்து மண்டலம் இடும் வழக்கத்திற்கு இனிய இலக்கியச் சான்று நாச்சியார் திருமொழி. அதன் முதல் திருமொழியில் ஆண்டாள், தைத்திங்களில் தரையை விளக்கி மண்டலமிட்டு, நுண்ணிய மணலால் தெருவை அணிசெய்து காமதேவனை வேண்டுகிறாள். வேண்டுகோள் யாது? வேங்கடவனுக்கே தன்னை உரிமையாக்க வேண்டும் என்பது. வில்லிபுத்தூரில் இட்ட மண்டலம் திருவேங்கடத்தை நோக்கி இடப்பட்டது! இன்றும் மார்கழித் திங்களில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. வில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை பிரமோற்சவத்தின் போது திருமலைக்குச் செல்கிறது. தெலுங்கு வழங்கும் நிலத்தின் நடுவே தமிழ்ப்பாடல் விடியலை எழுப்பும் காட்சி, எல்லை கடந்த உறவிற்கு ஏற்ற சான்று.

வைணவர் நெற்றியில் அணியும் திருமண் காப்பிலும் இக்கணிதம் உண்டு. இருபுறமும் ஒத்த வெண்கோடுகள், நடுவே செந்நிறச் சூர்ணம். பிற வடிவங்களில் மறைந்து நிற்கும் சமச்சீர்க் கோட்டை வண்ணமிட்டு வெளிப்படையாகக் காட்டிய வடிவம் அது எனலாம்.

புள்ளியும் இழையும்

கோலத்தின் இலக்கணத்தை இனிக் காண்போம். புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக வைப்பது நேர்ப்புள்ளி. ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. இடைப்புள்ளி, சந்துப்புள்ளி என்றும் சொல்வர். புள்ளி வைக்கும் முறையிலேயே கோலத்தின் சமச்சீர் முடிவாகிவிடுகிறது.

ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என்று நேர்ப்புள்ளி வைத்தால் 25 புள்ளிகள் கொண்ட சதுரம் அமையும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளியாக வைத்தால், மூலைமேல் நிற்கும் சதுரம் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள்: அதிலும் 25 புள்ளிகளே. ஏழு வரையுள்ள மேற்பகுதி நான்கின் வர்க்கமாகிய 16. கீழ்ப்பகுதி மூன்றின் வர்க்கமாகிய 9. இரண்டும் சேர்ந்து ஐந்தின் வர்க்கமாகிய 25. செங்கோண முக்கோணத்திற்குப் புகழ்பெற்ற மூன்று, நான்கு, ஐந்து என்னும் எண்கள் வாயிற்படியிலேயே வந்து நிற்கின்றன. இரு அமைப்பிற்கும் சமச்சீர்க் கோடுகள் நான்கு. ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் கோடுகள் மற்றொன்றில் மூலைவிட்டங்களாகிவிடுகின்றன, அவ்வளவே வேறுபாடு.

ஊடுபுள்ளியில் ஏழு தொடங்கி நான்கு வரை இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்தால் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என 37 புள்ளிகள் அமையும். இது அறுகோணம். வரிசைகளின் இடைவெளியைப் புள்ளிகளின் இடைவெளியைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால் ஆறு சமச்சீர்க் கோடுகளும் செம்மையாக விளங்கும். கோலமிடும் பெண்கள் அளவுகோல் கொண்டு இதனைச் செய்வதில்லை, கண்ணே அளவுகோல்.

புள்ளிகளை இணைத்துத் தாமரை, மயில், விளக்கு முதலியவற்றை வரைவது ஒருவகை. புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைத்துச் செல்லும் இழையால் வரைவது சிக்குக் கோலம், கம்பிக் கோலம், நெளிக் கோலம் எனப் பலவாறாகச் சொல்லப்படும் மற்றொரு வகை. சிக்குக் கோலங்களுள் சில, கால்சுற்றுச் சுற்றினால் பழைய வடிவத்தையே தரும். ஆனால் எக்கோட்டில் மடித்தாலும் பொருந்தா. இணைகரத்தில் நாம் கண்ட சுழற்சிச் சமச்சீர் அங்கே நெளிந்தாடக் காண்கிறோம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் கோலத்தையும் கணினி மொழியியலின் இலக்கணங்களையும் இணைத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டனர். கோலமிடும் கையின் போக்கினைச் சில அடிப்படை அசைவுகளாகப் பிரிக்கலாம் என்பதும் அவ்வாராய்ச்சி வழியில் விளக்கப்பெற்றது. தாம்பரத்தில் தொடங்கிய இச்சிந்தனை உலகக் கணித அறிஞரின் கவனத்தை ஈர்த்தது.

மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பவுலுசு கெர்டெசு, அங்கோலா நாட்டுச் சொக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து இழையிட்டு வரையும் சோனா என்னும் வரைவுகளை ஆராய்ந்தவர். அவர் தமிழரின் கோலங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் இழந்துபோன சமச்சீரை மீட்டுருவாக்குவது எப்படி என்று 1989இல் ஒரு கட்டுரை வரைந்தார். எஞ்சிய பகுதியிலிருந்து இழந்த பகுதியை மீட்டல் என்று முன்னர் நாம் கூறியது இதுவே. கடல் கடந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டு அறிஞர் நம் வாயிற்கோலத்தின் நடுக்கோட்டைத் தேடினார் என்பது நாம் பெருமிதமும் சிறிது நாணமும் கொள்ளத்தக்க செய்தி.

கோலமும் முக்கும்

வேங்கட நாட்டில் ஒரு வீட்டு வாயிலில் இருப்பதைக் கோலம் என்றும், அடுத்த வீட்டு வாயிலில் இருப்பதை முக்கு என்றும் அழைப்பர். தெலுங்குச் சொல்லாகிய முக்கு என்பதில் ககரத்தை மெலித்து ஒலித்தல் வேண்டும். நம் புள்ளிக் கோலம் அவர்களுக்குச் சுக்கல முக்கு. நம் சிக்குக் கோலம் அவர்களுக்கு மெலிகல முக்கு. பெயரை மாற்றினால் போதும். புள்ளிக் கணக்கை மாற்ற வேண்டுவதில்லை. பள்ளியில் தமிழ்ப்பிள்ளைகள் சமச்சீர் என்று கற்பதைத் தெலுங்குப் பிள்ளைகள் சௌஷ்டவம் என்று கற்கின்றனர். சதுரத்திற்கு நான்கு கோடுகள் என்பது இரு நூலிலும் ஒன்றே.

சங்கராந்தி நாட்களில் தெலுங்குப் பெண்கள் முக்கின் நடுவே சாணத்தால் கொப்பெம்மைகளை வைத்து, மஞ்சளும் குங்குமமும் பூவும் சூட்டி, சுற்றிவந்து பாடுவர். மார்கழியில் சாணப்பிள்ளையார் வைத்து அதன்மேல் பூசணிப்பூச் சூட்டும் தமிழ் வழக்கத்தை அறிந்தோர்க்கு இவ்வுறவை விளக்க வேண்டுவதில்லை. பண்டிகையின் இறுதியில் இடப்படுவது இரத முக்கு. நாம் தேர்க்கோலம் என்போம். தேருக்கு மேல் கீழ் என்னும் வேறுபாடு உண்டு. ஆதலின் அதற்குச் சமச்சீர்க் கோடு ஒன்றே, சக்கரங்களுக்கு நடுவிலிருந்து கலசம் வரை நிமிர்ந்து நிற்கும் கோடு. தேரை வரைந்தபின் அதன் வடத்தை ஒரு கோடாக இழுத்து, அடுத்த வீட்டுத் தேரோடு இணைப்பது தெலுங்கு நாட்டு வழக்கம். வடம் வீடுவீடாகத் தொடர்ந்து தெரு முழுவதையும் ஒரே கோலமாக்கிவிடும். இரு மொழியினரும் அடுத்தடுத்து வாழும் தெருவில் அவ்வடத்திற்கு என்ன மொழி?

எல்லைக்கோடு

இத்தகைய நாட்டின் குறுக்கே ஆட்சிக் கோடுகள் பல முறை வரையப்பட்டன. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனைச் சார்ந்தது. வடக்கெல்லைப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். படாஸ்கர் அளித்த பரிந்துரையின்மேல் 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன. பின்னர் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

ஒரு நிலப்படத்தை எடுத்து இவ்வெல்லையின்மீது மடித்தால் இருபுறமும் பொருந்துமா? பொருந்தா. ஒருபுறத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ்ப் பள்ளியும் தமிழ் அலுவலகமும் கிட்டின; மறுபுறத்தாருக்குத் தெலுங்கே கல்வியும் தொழிலுமாயிற்று. தமிழகப் பக்கம் வந்த ஊர்களிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இதே நிலையை மறுதலையாக உணர்ந்தன. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் ஆகிய ஊர்களில் தமிழ் இன்றும் வீட்டு மொழியாக ஒலிக்கிறது. ஆயினும் அங்கே வளர்ந்த தமிழருள் பலர் தமிழைப் பேசுவர், எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவர். தாயின் மடல் வந்தால் படித்துச்சொல்ல ஒருவரை நாட வேண்டிய நிலை எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்! குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அண்டை மொழிகளின் ஒப்பாய்விற்கென்றே அமைந்த அக்கல்வி நிலையம் இருமொழி நிலத்தில் எழுந்தது பொருத்தமே. எனினும் வீட்டில் இழந்த எழுத்தைப் பல்கலைக்கழகம் மட்டுமே மீட்டுத் தந்துவிட இயலாது.

எழுத்தறியாத அவ்வீடுகளிலும் கோலம் மாறாமல் நின்றது என்பதே நாம் போற்ற வேண்டிய உண்மை. பாட்டி மகளுக்கும் மகள் பேத்திக்கும் புள்ளிக் கணக்கைச் சொன்னாள். "ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி" என்னும் அச்சிறு வாசகம் ஓர் அறுகோணத்தின் முழு இலக்கணம். அதனை எவரும் கணிதம் என்று பெயரிட்டு மதிக்கவில்லை. கல்லில் பிரமசூத்திரம் இட்டவனைச் சிற்பி என்றோம். நிழலில் மீன் கண்டவனை நூலறி புலவன் என்றோம். நாள்தோறும் விடியலில் நான்கும் ஆறுமாகச் சமச்சீர்க் கோடுகளை மனத்தில் நிறுத்தி மாவிழைத்தவளுக்கு நாம் ஒரு பெயரும் சூட்டவில்லை.

நாம் செய்யத்தக்கது

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களின் நிலையும் வேங்கட நாட்டுத் தமிழரின் நிலையை ஒத்ததே. அடுக்குமாடி வீட்டில் வாயில் என்பது ஒரு முழ அகலம். அங்கே அச்சிட்ட கோலத்தை ஒட்டிவிடுகிறோம். அதில் சமச்சீர் குறைவின்றி இருக்கிறது; ஆனால் அதனைக் கண்ட கை இல்லை. குழந்தைகள் பள்ளியில் சமச்சீர்க் கோட்டை ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ கற்று மதிப்பெண் பெறுகின்றனர். தம் வீட்டுப் பெரியவள் அக்கலையில் வல்லவள் என்பதை அறியாமலே வளர்கின்றனர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விடுமுறை நாளொன்றில் ஒரு தாளில் 25 புள்ளிகளை இருவகையாகவும் வைக்கச் செய்யலாம். நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு கோலத்தின் பாதியை மட்டும் வரைந்துகொடுத்து மறுபாதியை நிரப்பச் சொல்லலாம். அப்போது புள்ளி, வரிசை, இழை, வளைவு, மடிப்பு, மூலை, நடு என்னும் சொற்கள் தமிழிலேயே குழந்தையின் நாவில் ஏறும். நம் சங்கங்கள் பொங்கல் விழாவில் கோலப்போட்டி நடத்துவதோடு நில்லாமல், பரிசு பெற்ற கோலத்திற்கு எத்தனை சமச்சீர்க் கோடுகள் என்று சிறுவரைக் கேட்கும் போட்டியையும் சேர்த்து நடத்தலாம். தெலுங்குச் சங்கத்து அன்பர்களையும் அழைத்து, அவர்கள் தேரின் வடத்தை நம் தேரோடு இணைக்கச் செய்தால் விழா மேலும் பொலியும்.

பாதி அழிந்த கோலம் நடுக்கோட்டால் மீளும் என்று கண்டோம். ஊரில் பாதியும் வந்த இடத்தில் பாதியுமாக வாழும் குடும்பத்திற்கும் அத்தகைய கோடு ஒன்று வேண்டும். அது வீட்டில் வழங்கும் தாய்மொழியாக இருக்கட்டும். அக்கோடு நிலைத்திருக்கும் வரை, காற்று கலைத்ததையும் காலடி அழித்ததையும் மறுநாள் விடியலில் புள்ளி வைத்து மீண்டும் எழுதிவிடலாம்.